தெருவறை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். முட்டிவலி மட்டும் மழை நாளில் கொஞ்சம் படுத்துகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை.

வீட்டை விற்பது பற்றியும் தெருவறையைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. லைன் விட்டுவிட்டு வந்தது, பின்னால் குழந்தை அழுதாள், நானும் "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். போனில் போகிற போக்கில் சொல்லிவிடக்கூடிய விஷயமும் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

பெரியப்பா உன்னிடம் சொன்னது அத்தனையும் உண்மை. வீட்டைப் பார்க்க ஆள் வந்து போனார்கள். நல்ல விலைதான் சொல்கிறார்கள். தெருவறையில் "கண்டவங்களை எல்லாம்" உட்காரவைத்திருக்கிறேன் என்று சொன்னாராமே, அதுவும் உண்மை. கண்டவர்கள் என்று யாரைச் சொன்னார் என்பது உனக்கும் புரிந்திருக்கும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் ஆயா வளர்த்த பிள்ளை அவர். நானும் அந்த ஆயாவிடம் மருமகளாக வந்து 20 வருஷம் குப்பை கொட்டியவள்தான்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அன்றைக்கு நீ எத்தனை முறை போன் போட்டாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் நம் ஊரை அடித்தது புயல் இல்லை, அதற்கப்புறம் வந்த ஆறு. மேலே பெய்த மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியற்காலை வினாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அவ்வளவும் பெண்ணையாற்றில்தானே வரவேண்டும்.

அன்று காலை வாசல் தெளிக்கப் போனபோது தெருமுனையில் காலனிப் பெரியவர் நின்றிருந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், மதகைத் திறந்து கழனிக்குக் கழனி தண்ணி பாய்ச்சுவாரே, அந்த நீர்க்கட்டித் தாத்தா. கையில் கம்பு, முழங்கால் வரைக்கும் சேறு. "டீச்சரம்மா, ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்டச் சொல்லுங்க. ஆறு பழைய ஓடைக்கு வரப்போவுது" என்றார். பழைய ஓடையா? அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இதே ஊரில் பாடம் நடத்தியவள் நான். அவர் கம்பால் காட்டினார். பனைமர வரிசைக்கு அந்தப் பக்கம், இப்போது மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்களே, வண்ணக் கொடியெல்லாம் கட்டி விற்றார்களே, அதுதான் ஓடை. தூர்ந்து, மேடாகி, பட்டா மாறி, பேரும் போய்விட்டது. தண்ணி ஏறினால் மூன்றாவது பனைவரைக்கும் ஏறும் என்று அவருடைய அப்பா அவரைச் சின்னப் பையனாக அங்கே நிறுத்திக் காட்டியிருக்கிறார்.

அவர் சொன்ன வழியிலேயே தண்ணீர் வந்தது. மூன்றாவது பனையில் சேறு படிந்த கோடு இன்றைக்கும் இருக்கிறது, நீ வந்தால் காட்டுகிறேன். மனையில் புதுசாகக் கட்டிக் குடிவந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பத்திரத்திலே ஓடை என்று எழுதியிருக்கவில்லை. ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தது, அவரையும் யாரும் கேட்கவில்லை. நம் தெருவில் மாடு ஒன்றுகூடப் போகவில்லை என்றால் அது அவர் புண்ணியம்.

நம் வீட்டுத் தெருவறையில் முழங்கால் தண்ணீர். உன் தாத்தாவின் தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியில்தானே இருந்தது. நீ அப்பா காரியத்துக்கு வந்தபோது பாதிப் படங்களை எடுத்துப்போனாய், மீதி அதில் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் திறந்து பார்த்தேன். எல்லாம் அப்பமாக ஒட்டிக் கிடந்தது. உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கென்ன.

நீர்க்கட்டித் தாத்தாவின் பேத்தி நிவாரண அரிசிக்குப் பெயர் எழுத வந்தவள், என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். காலேஜில் சரித்திரம் படிக்கிற பெண். நான் ஈரத்துணியால் சேற்றைத் துடைக்கப் போனேன். "தேய்க்காதீங்க டீச்சர், படமே கையோட வந்துடும்" என்று தடுத்தாள். அகலமான பேசினில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒட்டிய படங்களை அப்படியே முக்கி வைத்தாள். அவசரப்படவே இல்லை. தானாக விட்டுக்கொடுக்கிற ஓரத்தில் விரலை நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முகம் மேலே பார்க்க என் வெள்ளைப் புடவையில் வரிசையாகப் போட்டாள். வெயிலில் வைக்கக்கூடாதாம், சுருண்டுவிடுமாம். பத்திரங்களுக்கும் பிரெஞ்சுக்காலத்து முத்திரைக் காகிதங்களுக்கும் நடுநடுவே பழைய பேப்பரைச் செருகி, நனைய நனைய மாற்றினோம். மூன்று நாள் அந்த அறை முழுக்க அதுதான். உன் பாட்டன் பூட்டன் எல்லோரும் தரையில் மல்லாந்து கிடந்தார்கள்.

அதில் ஒரு படம் வியட்நாமில், சைகோனில் எடுத்தது. சொல்தா உடுப்பில், அதாவது பிரெஞ்சுப் பட்டாள உடுப்பில் ஐந்து பேர், நடுவில் உன் தாத்தா. அவர் முகத்தில் பாதி கரைந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் தோளில் கைபோட்டு நிற்கிற ஆள் அப்படியே இருந்தார். யாரென்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பேத்தியைக் கூட்டிப்போக வந்த நீர்க்கட்டித் தாத்தா வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். "எங்க சித்தப்பா" என்றார்.

தம்பி, இரண்டு பேரும் ஒரே ஊரிலிருந்து கப்பலேறி, ஒரே பட்டாளத்தில் சோறு தின்றிருக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு அந்த மனிதர் நம் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. ஏறவிட்டிருக்க மாட்டோம். தாத்தா சைகோனைப் பற்றி எத்தனையோ கதை சொல்லியிருக்கிறார், அதில் இந்த மனிதர் ஒரு முறைகூட வந்ததில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில், அறுப்புக்கு வந்த காலனிப் பெண்களுக்குக் கொல்லைப்புறம் தனியாக வைத்த அலுமினியக் குவளையில் தண்ணீர் ஊற்றியவள். ஆயா சொன்னார்கள், செய்தேன். பள்ளிக்கூடத்தில் பாரதி பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து அதைச் செய்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அன்றைக்கு நீர்க்கட்டித் தாத்தாவை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். நாற்காலியில்தான் உட்காரவைத்தேன். காபி குடித்தார். ஊர்க் கதையைக் கேட்டு எழுதிவைக்கிற எங்கள் சங்கம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இப்போது ஞாயிறுதோறும் சாயந்திரம் தெருவறையில் கூடுகிறோம். நாலு பேர் வந்தாலும் உண்டு, பதினைந்து பேர் வந்தாலும் உண்டு. இரண்டு தெருவிலிருந்தும் வருகிறார்கள், மனைப்பிரிவில் புதிதாகக் குடிவந்தவர்களும் வருகிறார்கள். அவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்கிறார்கள். கழனிகளின் பேரை முதலில் எழுதினோம். எந்தக் கழனிக்கு எந்த மதகுத் தண்ணி, எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்தது, எத்தனை குழி நிலம், யார் உழுதது. பேத்தி ஒரு பெரிய சார்ட்டில் ஊரை வரைந்திருக்கிறாள், ஓடையை நீலத்தில். சேறு எதுவரை ஏறியது என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்திருக்கிறோம். அடுத்த மழைக்கு அந்த சார்ட் ஒன்றே போதும்.

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு வருகிற பங்காரு வாய்க்காலைப் பற்றி உனக்குச் சின்ன வயதில் கதை சொல்லியிருக்கிறேன். பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிப் பெண்கள் வெட்டிவைத்தது என்பார்கள். அந்தக் கதையையே நீர்க்கட்டித் தாத்தா வேறு மாதிரிச் சொல்கிறார். அவர் கதையில் மண் சுமந்தவர்கள் வருகிறார்கள், கூலியாக என்ன கொடுத்தார்கள் என்று வருகிறது. இரண்டையும் எழுதியிருக்கிறோம். ஒன்றை அடித்து ஒன்றை வைக்கவில்லை.

பாகூர்ச் செப்பேடு என்று நான் பாடத்தில் நடத்துவேனே, நிருபதுங்கவர்ம பல்லவன் தன் 8ஆம் ஆட்சியாண்டில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்தது. 9ஆம் நூற்றாண்டிலேயே நம் பக்கத்தில் அவ்வளவு பெரிய கல்விச்சாலை இருந்தது என்று பெருமையாகச் சொல்வேன். இப்போதும் பெருமைதான். ஆனால் போன மாதம் ஒரு பையன் கேட்டான், "அந்த மூணு ஊர்ல ஏர் ஓட்டுனவங்க பேரு அதுல இருக்கா டீச்சர்?" என்று. கொடுத்த ராஜா பேர் இருக்கிறது, வாங்கிய கல்விச்சாலை இருக்கிறது. அதற்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 30 வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லையே என்றுதான் அன்று ராத்திரி தூங்கவில்லை.

ஆகஸ்ட் 16க்கு வேன் வைத்துக் கீழூர் போய்வந்தோம். அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவாரே, அதே நினைவு மண்டபம். 1954 அக்டோபர் 18இல் அங்கே பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் பகுதியின் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டதில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். அதற்கப்புறம் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி மாற்றிக் கொடுத்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று வைத்தார்கள். உன் தாத்தா எழுதிக் கொடுத்தார், அவர் தம்பி கொடுக்கவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு தேசத்துக்காரர்களாக இருந்தார்கள். நீ பாரிஸில் இருப்பதற்கும், உன் பங்காளி இங்கே டிராக்டர் ஓட்டுவதற்கும் அந்த ஆறு மாதம்தான் காரணம். இந்த மாதிரி ஊரில் எத்தனை வீடு இருக்கிறது தெரியுமா? ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். சில வீட்டில் பெரியவர்கள் பேச ஆரம்பித்து அழுதுவிடுகிறார்கள். அப்போது நோட்டை மூடிவிடுகிறோம், வேறொரு நாள் போகிறோம்.

இப்போது உன்னிடம் கேட்கவேண்டியதற்கு வருகிறேன்.

சங்கத்தைப் பதிவு செய்யப்போகிறோம். பதிவு செய்ய ஏழு பேராவது வேண்டும், ஏழு பேரும் ஆகிவிட்டார்கள். மூன்று பேர் காலனி, அதில் ஒருத்தி அந்தப் பேத்தி. அலுவலகம் என்று காட்ட ஒரு விலாசம் வேண்டும். கோயில் மண்டபத்தைக் கேட்டுப் பார்த்தோம், காலனிக்காரர்கள் உள்ளே வருவதைப் பற்றி ஒரே முணுமுணுப்பு. விட்டுவிட்டேன். நம் தெருவறையைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வீடு அப்பாவுக்குப் பிறகு உன் பேரிலும் என் பேரிலும் இருக்கிறது, உன் கையெழுத்து இல்லாமல் முடியாது.

வீட்டை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் காலத்துக்கு அப்புறம் உன் இஷ்டம், உனக்கும் அங்கே கடன் இருக்கிறது என்பது தெரியும். நான் இருக்கிற வரைக்கும் அந்த ஒரு அறை. தெருப்பக்கம் தனிக்கதவு இருக்கிறது, திண்ணை இருக்கிறது, வேறெதுவும் வேண்டாம். ஒரு இரும்பு பீரோ மட்டும் வாங்கித் தரையிலிருந்து நாலடி உயரத்தில் மேடை கட்டி வைக்கவேண்டும், அதற்கு நாங்களே பணம் திரட்டிக்கொள்கிறோம். நீ பணம் அனுப்பவேண்டாம்.

பெரியப்பாவுக்கு ஒரு போன் போடு. சண்டை போடாதே, அவர் சர்க்கரை வியாதிக்காரர். "அம்மா சொல்றது எனக்குச் சம்மதம், பெரியப்பா" என்று ஒரு வார்த்தை உன் வாயால் சொன்னால் போதும். நான் சொன்னால் தம்பி பொண்டாட்டி பேச்சு என்று தள்ளிவிடுவார், உன் பேச்சைத் தள்ளமாட்டார்.

கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், அங்கே போடு.

தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா வருகிறது. லீவு கிடைத்தால் என் பேத்தியை அழைத்துக்கொண்டு வா. ஆற்றுக்கு எல்லா ஊர்ச் சாமியும் வந்து நிற்பதை அவள் பார்த்ததில்லை. சிறுவள்ளிக்கிழங்கு வாங்கி அவித்துவைக்கிறேன், உனக்குப் பிடிக்குமே. மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அம்மா

இன்னொன்று. நீ எடுத்துப்போன படங்களை ஒரு முறை எடுத்துப் பார். தாத்தாவோடு அந்த மனிதர் வேறு எதிலாவது இருக்கிறாரா என்று தேடு. அவர் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லையாம். இருந்தால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் பிடித்து உடனே அனுப்பு. தாத்தா பின்னால் பேர் எழுதிவைக்கிற பழக்கமுள்ளவர்.