சைபர் போட்ட இடத்துலதான் மீன் இருந்துச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல டேனியல் பாலி பத்தி வந்த கட்டுரை படிச்சேன். கடல் விஞ்ஞானி ஒருத்தருக்கு இவ்வளவு இடம் ஒதுக்குனதுக்கு முதல்ல நன்றி. ஆனா 1998ல சயின்ஸ் இதழ்ல வந்த அந்த ஒரு பேப்பரை வச்சே முழுக்க ஓட்டிட்டீங்க, பெரிய மீனை எல்லாம் பிடிச்சு முடிச்சுட்டு மனுஷன் உணவுச் சங்கிலில படிப்படியா கீழ இறங்குறான்னு சொன்னாரே அது. பேர் வாங்கிக் கொடுத்தது அதுதான், இல்லைங்கல. ஆனா அதுல பெரிய சண்டையே நடந்துச்சே, ஒரு வரி கூட காணோம். 2010ல ட்ரெவர் பிராஞ்ச் டீம் நேச்சர்ல எழுதுனாங்க, வலையில வர்றதை வச்சு கடல்ல என்ன இருக்குன்னு முடிவு பண்ண முடியாதுன்னு. எனக்கும் அதுல பாதி நியாயம் இருக்குன்னுதான் தோணுது, ஏன்னா இறாலுக்கு எக்ஸ்போர்ட் ரேட் நல்லா இருந்தா போட்டெல்லாம் இறாலுக்குத்தான் போகும், அதுக்காக வஞ்சிரம் ஒழிஞ்சிருச்சுன்னு அர்த்தமா?

என்னைக் கேட்டா பாலி செஞ்சதுலயே பெரிய வேலை கணக்கெடுத்ததுதான், கட்டுரைல விட்டதும் அதைத்தான். உலகத்துல எவ்வளவு மீன் பிடிக்கிறாங்கன்னு சொல்ற எஃப்.ஏ.ஓ. (ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பு) தானா போய் எண்ணுறது இல்ல, ஒவ்வொரு அரசாங்கமும் அனுப்புற நம்பரை வாங்கித்தான் போடுது. சின்ன வள்ளத்துல பிடிச்சு வீட்டுக் கறிக்கு எடுத்துட்டு போறது, திருட்டுத்தனமா பிடிக்கிறது, கடல்லயே கொட்டுறது இதெல்லாம் பல நாட்டுல யாரும் எழுதி வைக்கிறதே இல்ல, எழுதாதது கடைசி டேபிள்ல சைபரா போய் உக்காந்துக்கும். தெரியலன்னா சைபர் போடாதே, இருக்கிறதுலயே தப்பான நம்பர் அதுதான், பழைய ரிப்போர்ட், ஊர்ல எவ்வளவு மீன் சாப்பிடுறாங்கங்கிற சர்வே எல்லாம் பாத்து ஒரு மதிப்பாவது போடுங்கிறதுதான் அவர் கட்சி. இப்படி நாடு நாடா பண்ணி டர்க் செல்லரோட சேர்ந்து 2016ல வெளியிட்டார். 1996ல உலக மீன்பிடி உச்சத்துக்குப் போனப்ப எஃப்.ஏ.ஓ. சொன்னது 8.6 கோடி டன், இவங்க கணக்குல 13 கோடி. அதுக்கப்புறம் குறையுறதும் வருஷத்துக்கு 12 லட்சம் டன், எஃப்.ஏ.ஓ. கணக்குல 4 லட்சம் கூட இல்ல. மதிப்பீடுதானேன்னு எதிர்ப்பும் வந்துச்சு, வரட்டும், சைபரும் ஒரு மதிப்பீடுதான?

இது எங்கேயோ கனடாவுல இருக்கிற புரொஃபசர் சமாச்சாரம்னு நினைக்காதீங்க, எங்க ராமநாதபுரம் பக்கம் சங்காயம்னு ஒண்ணு இருக்கு. மடி வலையைத் தூக்கி போட்டுல கொட்டுனதும் இறால், கணவா, நண்டெல்லாம் பிரிச்சு எடுத்துட்டு மிச்சம் கிடக்குற காரல், ஒண்ணுக்கும் உதவாத நண்டு, விரல் நீள சங்கரா குஞ்சு எல்லாம் சங்காயம்தான். முன்னாடி பெரும்பாலும் கடல்லயே தள்ளி விட்டுருவாங்க. இப்ப மீன்மாவு கம்பெனி, கோழித் தீவனம்னு அதுக்கும் ரேட் வந்துருச்சு, அதனால கரைக்கு வருது, வந்ததும் கணக்குல ஏறுது. பேப்பர்ல பாத்தா மீன் வரத்து கூடுன மாதிரி இருக்கும், கடல் கூடுதலா எதுவும் கொடுக்கல. வளந்தா கிலோ கணக்குல விலை போயிருக்க வேண்டிய குஞ்சு கூடை கூடையா மாவுக்குப் போகுது, அவ்வளவுதான்.

1947ல ஆரம்பிச்ச மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இறங்குதளத்துக்கே ஆள் அனுப்பி சாம்பிள் எடுக்குது, அந்த வேலையை குறை சொல்ல மாட்டேன். ஆனா கடல்ல கொட்டுனது கரையில நோட்டோட நிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் கட்டுரை கடைசில 61 நாள் தடைக்காலம் இருக்கு, மீன்வளம் தானா பெருகிரும்ங்கிற தொனில முடிச்சிருக்கீங்க. 2001ல 45 நாளா ஆரம்பிச்சு 2017ல 61 ஆக்குனாங்க, நல்லதுதான், ஆனா மிச்ச 304 நாளும் சின்னக் கண்ணி மடியால அரிச்சா அந்த ரெண்டு மாசம் எதை வளத்துக் கொடுக்கும்? கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுறதா இருந்தா சங்காயம் இறங்குற நேரமா பாத்து ஒரு தடவை இறங்குதளத்துக்கு வரச் சொல்லுங்க, எந்தக் கூடை எந்த லாரில ஏறுதுன்னு பாத்துட்டே எழுதலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாம்பன்