அழுகைக் கோச்சி ஏறிய பிறகு

கோத்தகிரி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

பேத்தி கல்லூரியில் சேர வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு இரண்டு மாதமாக அலைகிறோம். சிலோனை விட்டு இந்தியாவுக்கு வரும்போது அப்பாவுக்குக் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா இடுப்பில் தங்கச்சி, நான் அரைக்கால் சட்டையோடு, எல்லோரும் ஒரே படத்தில் இருப்போமே, அந்த அட்டைதான். மழையில் நனைந்து பாதி எழுத்து அழிந்துவிட்டது. அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க சிலோன்காரங்களா? பூர்வீகம் எது?" என்றார். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். அவள் பிறந்தது இந்த மலையில். அவள் அம்மா பிறந்ததும் இங்கேதான். இந்தத் தோட்டத்தில் காடு வெட்டித் தேயிலை வைத்ததே நம் ஆட்கள்தான் மச்சான்.

அங்கே இலங்கையில், களவாகப் படகேறி வந்தவர்கள் என்று நம்மைக் கள்ளத்தோணி என்றார்கள். 1948இல் சட்டம் போட்டுக் குடியுரிமையை எடுத்தார்கள். 1964இல் இரண்டு அரசும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, கொழுந்தை நிறுத்துப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். நம்மில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா? தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தோம். என் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், உன் அப்பா எதற்கும் கொடுக்கவில்லை. நீ 2003 வரை எந்த நாட்டுக்காரனும் இல்லாமல் இருந்தாய். எனக்கோ வாக்காளர் அட்டை வந்த பிறகும் சிலோன்காரன் என்கிற பேர் போகவில்லை.

1974இல் ஹட்டனில், இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிய அந்த ரயிலில், அழுகைக் கோச்சியில் ஏறியபோது உன் அம்மா ரொட்டி சுட்டுப் பொட்டலமாகக் கொடுத்தார். தலைமன்னார் வரை யாரும் அதைத் தொடவில்லை. கப்பலில்தான் தங்கச்சி பிரித்தாள்.

சரி, உன்னால் ஓர் உதவி வேண்டும். அட்டையில் எழுத்து தெரியாததால் வேறு பழைய தாள் ஏதாவது கொண்டுவரச் சொல்கிறார்கள். அப்பா பிறந்தது டிக்கோயாவில், 1932இல். அந்தப் பக்கம் போகும்போது பிறப்புப் பதிவின் நகல் கிடைக்குமா என்று விசாரித்துப் பார். என் பேத்தி இந்த ஊர்க்காரி என்று காட்ட இப்போது அந்தத் தாளைத்தான் நம்பியிருக்கிறேன். இந்த மாதத்துக்குள் அனுப்பினால் நல்லது.

உன் அம்மாவைத் தங்கச்சி விசாரித்தாள். அந்த ரொட்டியை அவள் இன்னும் சொல்கிறாள்.

உன் மச்சான்