அந்த இரண்டாவது மணிக்கு

ஜெயித்துக்கொண்டிருந்த நான் வலியோடு படுக்கையில் விழுந்தேன். என்ன நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை. என்னோடு ஓடியவர்களுக்கும், இத்தனை மாதமாக விசாரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கும் எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை 10,000 மீட்டரை ஓடி முடித்தேன். கடைசியாகத்தான் வந்தேன். இரண்டு நாளாகியும் படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி ஒரு பெரியவருக்கு. சுற்று எண்ணும் மேசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர். வெளுத்துப்போன நீலத் தொப்பி. பெயர் தெரியாது.

பத்தாயிரம் என்றால் 25 சுற்று. முடிவுக் கோட்டருகே ஒரு பலகையில் மீதிச் சுற்றுகளின் எண் குறைந்துகொண்டே வரும். அது முதலிடத்தில் ஓடுகிறவருக்கான பலகை. ஜெயித்துக்கொண்டிருந்த காலத்தில் இது என் மண்டையில் ஏறியதே இல்லை. எப்போதும் என் எண்தானே அதில் இருந்தது! ஞாயிறன்று முதலாவதாக ஓடிய பெண் என்னை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டாள். அப்புறம் அந்தப் பலகையால் எனக்குப் பிரயோஜனம் இல்லை. அதில் 4 இருந்தால் எனக்கு 6. மூச்சு முட்டுகிற நேரத்தில் இரண்டைக் கூட்டுவதே பெரிய கணக்கு. எங்கேயோ தவறவிட்டேன். ஆறா, ஏழா? அதற்குமேல் ஓட மனசு வரவில்லை. உள்ளே இறங்கிப் புல்லில் படுத்துவிடலாம் என்றே நினைத்தேன்.

அடுத்த முறை கோட்டுக்கு வந்தபோது அந்தப் பெரியவர் எழுந்து நின்றிருந்தார். ஒரு கையில் பதிவுத் தாள். இன்னொரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஐந்து விரலையும் விரித்தார். "உனக்கு அஞ்சும்மா!"

அதற்கடுத்து நாலு விரல். மூன்றுக்கு வரும்போது முதலாவது ஆளுக்குக் கடைசிச் சுற்றுக்கான மணியை அடித்து முடித்திருந்தார்கள். இரண்டுக்கு வரும்போது போட்டியே முடிந்த மாதிரி இருந்தது. கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம். யாரோ பலகையைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் டிராக் ஓரத்துக்கே வந்து, இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

கடைசிச் சுற்று தொடங்குவதை ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் முதல் ஆளுக்கு அடித்ததோடு மணியை ஓரம் கட்டிவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் மணியை எடுத்து வந்து, எனக்காக, தொப்பி கழன்று விழுகிற அளவுக்கு அடித்தார். என் கடைசிப் பத்துச் சுற்றில் அதுதான் வேகமான சுற்று என்று கோச் பிறகு குறிப்பேட்டைக் காட்டினார். நம்பாமல் இரண்டு தடவை பார்த்தேன்.

கோச்சுக்கும், வலியில் நான் எரிந்து விழுந்ததையெல்லாம் பொறுத்துக்கொண்ட பிசியோவுக்கும், பணம் அனுப்பிவிட்டு "யாருக்கும் சொல்லாதே" என்றவர்களுக்கும், அதிகாலையில் என் ஆமை வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்ட தங்கைகளுக்கும், அம்மாவுக்கும் மொத்தமாக ஒரு கும்பிடு. தனித்தனியாக எழுதினால் அழுதுவிடுவேன்.

"சாம்பியனாகவே நிறுத்தியிருக்கலாமே, கடைசியாக வருவதற்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டவர்களும் உண்டு. கோபமில்லை. படுக்கையில் நானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எத்தியோப்பியாவின் டெரார்டு துலுவைத்தான் அடிக்கடி நினைத்தேன். 1992 பார்சிலோனாவில் 10,000 மீட்டர் தங்கம். 1996-இல் நான்காம் இடம். 2000 சிட்னியில் மறுபடி தங்கம். 37 வயதில் நியூயார்க் மாரத்தானையும் ஜெயித்தார். பார்சிலோனா ஓட்டத்தின் வீடியோவைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எல்லாம் அந்தக் கடைசிச் சுற்றுப் பாய்ச்சலுக்காக. கோட்டைத் தாண்டியதோடு நிறுத்திவிடுவேன். இந்த வருஷம்தான் அதற்குப் பிறகும் ஓடவிட்டேன். ஜெயித்தவர் நின்று, ஏறக்குறைய ஆறு விநாடி பின்னால் வந்த தென்னாப்பிரிக்காவின் எலனா மெய்யருக்காகக் காத்திருக்கிறார். பிறகு இருவரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றுகிறார்கள்.

நான் ஜெயித்த நாட்களில் எனக்குப் பின்னால் யார் கடைசியாக வந்தார்கள்? ஒரு முகம்கூட நினைவில்லை. நான் எப்போதோ ஷூவைக் கழற்றிக்கொண்டு போயிருப்பேன்.

இனி என் போட்டி முடிந்தாலும் கடைசி ஆள் கோட்டைத் தொடும்வரை டிராக்கை விட்டு நகரமாட்டேன். ஜூனியர் போட்டிகளில் சுற்று எண்ண வருகிறேன் என்று பெயரும் கொடுத்திருக்கிறேன். பதிவுத் தாளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒரே நேரத்தில் நாலு பேர் வரை கவனித்து ஒவ்வொருவருக்கும் நேரம் குறிக்க வேண்டுமாம். நீலத் தொப்பி ஐயா, இதைப் படித்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். மணியை மட்டும் நான் அடித்துக்கொள்கிறேன்.