வாடிக்கையாளர் நாக்கும் இறக்குமதிக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உணவு இறக்குமதியைப் பல நாடுகளுக்குப் பிரித்து வைப்பதைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்தப் பேச்சில் வாங்கிச் சமைப்பவர்களுக்கு இடமே இல்லை என்பது, சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்திவரும் என் குறை.

நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, அம்மாத இறுதிக்குள் இந்தோனீசியக் கோழிக்கு இங்கு அனுமதி கிடைத்தது. இப்படி வேறொரு நாட்டுக்கு மாறுவது கோழிக்குப் போதும், அரிசிக்குப் போதாது.

2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. இறக்குமதியாளர்கள் இரண்டு மாத இறக்குமதிக்கு ஈடான அரிசியைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற நம் அரசின் விதியாலும், ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூருக்கென 50,000 டன் அனுப்ப இந்தியா இசைந்ததாலும் பஞ்சம் ஏற்படவில்லை. என் கடையில் பொன்னி தீர்ந்தபோது தாய்லாந்து அரிசியை அடுக்கினேன். வாங்கியவர்கள் மறுமுறை அதைத் தொடவில்லை.

காரணத்தை விளக்கியவர், வீட்டிலிருந்து மதிய உணவு சமைத்து விற்கும் ஒரு வாடிக்கையாளர் அம்மா. சூடாக இருக்கும்போது குறை தெரியாது, டப்பாவில் அடைத்து இரண்டு மணி நேரமானால் கட்டியாகிவிடுகிறது, ரசத்தை உள்வாங்குவதில்லை என்றார். அதன்பின் நாலைந்து நாட்டு அரிசிகளை அரைக் கிலோப் பொட்டலமாகக் கட்டி, விருப்பமுள்ள குடும்பங்களுக்குக் கொடுத்து, சமைத்துப் பார்த்தவர்கள் சொன்னதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தேன். பாகிஸ்தானின் நீள அரிசியே குழம்புக்கும் ரசத்துக்கும் ஒத்துவருகிறது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். எந்த ஆலோசகரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாத செய்தி அது.

ஆனால் தெரிந்துகொண்டதைச் செயல்படுத்த என்னால் முடியவில்லை. இருபதடிக் கொள்கலன் ஒன்றில் ஏறக்குறைய 25 டன், அதாவது ஐந்து கிலோ மூட்டைகள் 5,000 ஏறும். ஒரே வகை அரிசியில் அவ்வளவை விற்க என் கடைக்கு ஓராண்டு ஆகும். இறக்குமதியாளரோ ஒரு கடையின் நோட்டை நம்பிப் புதிய ஆலையுடன் ஒப்பந்தம் செய்ய மாட்டார். பத்துப் பதினைந்து கடைகளின் குறிப்புகளும் முன்பதிவுகளும் ஒன்றுசேர்ந்தால் அவரும் துணிவார்.

எனவே, லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கமான லிஷாவும் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக, தொழிற்சபையும் சிறு கடைகளுக்கென ஒரு கூட்டுக் கொள்முதல் ஏற்பாட்டைத் தொடங்கிவைக்க வேண்டும். அடுத்த தடைக்குக் காத்திராமல், அரிசி, பருப்பு, மிளகாய் ஆகியவற்றின் மாற்று வகைகளை இப்போதே வாடிக்கையாளர்களிடம் கொடுத்துச் சோதிக்கலாம். சோதித்துச் சொல்பவர்களுக்கு விலைக் கழிவிலும் பங்கு தர வேண்டும். அந்த அம்மாவுக்கு நான் கொடுத்தது இரண்டு பாக்கெட் உளுந்து மட்டுமே. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்படிக்கு,
மளிகைக் கடை உரிமையாளர்,
தேக்கா