அமலையோடு கோரையும் போகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணியில் மண்டிக்கிடக்கும் அமலைச் செடிகளைப் பொக்லைன் எந்திரம் கொண்டு அகற்றும் பணியைப் பற்றித் தங்கள் நாளிதழில் படத்துடன் வெளியான செய்தியைப் படித்தேன். சேரன்மகாதேவியில் ஆற்றங்கரையில் வளர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் படத்தில் எந்திரத்தின் வாளியிலிருந்து அமலையோடு சேர்ந்து, வேரும் மண்ணுமாகக் கோரையும் நாணலும் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. அமலை சில மாதங்களில் திரும்பி வந்துவிடும். வேரோடு போன கோரை அவ்வளவு எளிதில் திரும்பாது.

பிற மாவட்டங்களில் ஆகாயத்தாமரை என்று அழைக்கப்படும் இந்த அமலை தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி என்பதும், தகுந்த சூழலில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும் என்பதும் பலரும் அறிந்தவை. அது எதைத் தின்று வளர்கிறது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. ஆழமான நீரில் மிதக்கும் அமலையின் வேர் மண்ணைத் தொடுவதில்லையாதலால், அதற்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரசும் நீரில் கரைந்தே வந்தாக வேண்டும். ஊர்ச் சாக்கடை, துணி துவைக்கும் தூள், வயல்களிலிருந்து வடியும் யூரியா, டிஏபி ஆகிய அனைத்தும் அதற்கு உணவு. ஆற்றின் எந்த இடத்தில் அமலை செழித்து நிற்கிறதோ அந்த இடத்துக்குச் சற்று மேலே கழிவு கலக்கிறது என்று, ஆய்வுக்கூடத்துக்குப் போகாமலேயே சொல்லிவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மேற்பகுதியில், வேகமாகப் பாயும் தெளிந்த நீரில், பாறைகளைப் பாசி போலக் கவ்விக்கொண்டு வாழும் போடோஸ்டெமேசி என்ற தாவரக் குடும்பம் உண்டு. பார்வைக்குப் பாசியாகத் தோன்றினாலும் அவை பூக்கும் தாவரங்கள். நீர் வற்றிப் பாறை வெளியே தெரியும் நாட்களில் பூத்துக் காய்த்துவிடும். கலங்கிய நீரும் பாறைமேல் படியும் சேறும் அவற்றுக்கு ஆகாது. பொதிகையில் இறங்கி, புன்னைக்காயலில் கடலைச் சேரும் நம் ஆறு ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. இவ்வளவு குறுகிய தூரத்துக்குள், அத்தகைய செடிகள் வாழத்தக்க நீராகப் புறப்படுவது அமலை மண்டும் நீராக மாறிவிடுகிறது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளில் நீர் தேங்குவதே காரணம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அணைக்கட்டுகளில் பெரும்பாலானவை பல நூற்றாண்டுகள் பழமையானவை. தேங்கும் நீர் அன்றும் இருந்தது. இவ்வளவு கழிவு இல்லை.

மேலே மிதக்கும் பச்சை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதற்குக் கீழே மறைந்துபோனவற்றைக் கணக்கெடுக்க ஆளில்லை. நான் சிறுமியாக இருந்தபோது படித்துறையின் கடைசிப் படியில் நின்றால், நாடா போன்ற நீண்ட இலைகள் நீரோட்டத்தின் போக்கில் சாய்ந்து காலைத் தடவிக்கொண்டு போகும். அது வாலிஸ்நேரியா. நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூலில் வரும் அதே செடி. அதன் பெண்மலர் நீண்ட காம்பின் உதவியால் நீர்மட்டத்துக்கு வந்து திறக்கும். அடியில் உதிரும் ஆண்மலர்கள் மேலே மிதந்து வந்து அதைச் சேரும். சேர்க்கை முடிந்ததும் காம்பு சுருள்வில்லாகச் சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். பணியில் சேர்ந்த புதிதில் மாணவிகளை ஆற்றுக்கு அழைத்துச் சென்று இதைக் கையில் எடுத்துக் காட்டியிருக்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் கரும்பலகையில் படம் வரைந்துதான் விளக்க வேண்டியிருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இத்தகைய செடிகள் அழிவதற்குக் கழிவுநீரில் நஞ்சு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. உணவுச்சத்து மிகுந்த நீரில் நுண்பாசிகள் பெருகி நீர் கலங்கும். நீருக்குள் இருக்கும் இலைகளின்மேல் வழவழப்பான படலம் படியும். வெளிச்சம் எட்டாத இலை தனக்கு வேண்டிய உணவைச் செய்ய முடியாமல் அழுகும். அதற்கும் மேலே அமலை கூரை போட்டுவிட்டால், நீர்மட்டத்துக்கு வந்து மலர வேண்டிய வாலிஸ்நேரியாவுக்கு மலரவும் இடமில்லை. நீருக்குள் வாழும் செடி பகலில் வெளியிடும் ஆக்சிஜன் நீரிலேயே கரைந்து மீனுக்கும் நத்தைக்கும் பயன்படுகிறது. அமலையின் இலை வெளியிடுவதோ காற்றோடு போய்விடுகிறது. அதோடு, அது மடிந்து அழுகும்போது நீரில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடப்படும் துணிகளும் அடியில் படிந்து, வேரூன்றும் செடிகளை மூடிவிடுகின்றன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளம் எந்த எந்திரத்தாலும் முடியாத அளவுக்கு ஆற்றை அலசிக்கொண்டு போனது. எங்கள் பகுதியில் ஓர் அமலைகூடக் கண்ணில் படாத நாட்கள் அவை. ஆனால் வெள்ளம் வடிந்த பின்னும் சாக்கடைகள் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தன. சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடிய அமலை விதைக்கு அது போதுமானதாக இருந்தது. மீண்டும் பச்சை படர்ந்தது.

கரையோரக் கோரையும் சம்பும் நாணலும் அமலைக்குக் கிடைக்கும் அதே உணவுச்சத்தை வேரால் உறிஞ்சிக்கொள்பவை. கரையைப் பிடித்து நிறுத்துபவை. புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாய் எங்கள் பக்கத்து ஊரில்தான் நெய்யப்படுகிறது. ஆற்றங்கரைக் கோரையை நம்பி, அதை ஓடும் நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி வளர்ந்த தொழில் அது. அமலையை அகற்றுகிறோம் என்று அதற்குப் போட்டியாக நிற்கும் செடிகளையும் சுரண்டி எடுப்பது அடுத்த அமலைக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதாகவே முடியும்.

ஆகவே, கரையை ஒட்டிய பகுதியில் எந்திரத்தைத் தவிர்த்து, ஆட்களைக் கொண்டு அமலையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். எடுத்ததைக் கரையிலேயே குவித்து வைத்தால் அது அழுகி, அதன் சத்து அடுத்த மழையில் ஆற்றுக்கே திரும்பும் என்பதால், அன்றன்றே அப்புறப்படுத்தி உரமாக்க வேண்டும். கழிவுநீர் கலப்பதைத் தடுக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை சென்று உத்தரவுகள் பெறப்பட்டும், பெரிய ஓடைகளைப் பற்றியே பேச்சு நடக்கிறது; சிற்றூர்களின் சிறு சாக்கடைகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். நீரின் தரத்தை அளக்கும்போது, எந்தப் படித்துறையில் எந்த நீர்த்தாவரம் இருக்கிறது, எது இல்லாமல் போயிற்று என்ற பதிவும் ஆண்டுதோறும் எடுக்கப்பட வேண்டும். கல்லூரித் தாவரவியல் மாணவர்களுக்கு இது கடினமான வேலை அன்று.

அடுத்த முறை அமலை அகற்றும் பணி தொடங்கும் நாளைத் தங்கள் நாளிதழ் முன்கூட்டியே வெளியிட்டால், எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று பணியாளர்களுக்கு அடையாளம் காட்ட நான் காலையிலேயே ஆற்றங்கரைக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
சேரன்மகாதேவி.