லெப்டொப் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லத் தொடங்கினால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் கடையில் நிற்கும்போது எடுத்துப் பார்க்கலாம்.

நீ அனுப்பிய லெப்டொப் விளம்பரங்களைப் பார்த்தேன். சின்னது, மெல்லியது, தோளில் பாரம் தெரியாது, விலையும் நம் கைக்கு அடங்கும். ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் ஒன்றில்கூடத் திரையைப் பற்றி "11.6 அங்குலம், எச்டி" என்பதைத் தாண்டி ஒரு சொல் இல்லை. அசைன்மென்ட் டைப் பண்ணுகிற பிள்ளைக்கு எந்தத் திரையும் போதும். நீ கெம்பஸில் படிப்பது படம் வரைகிற படிப்பு. அதிலும் கடைசி வருஷ வேலைக்கு, ரதி மதன் கதையை ஆடும் நம் காமன் கூத்தை அனிமேஷனாகச் செய்யப் போகிறாய். ரதி வேஷம் கட்டி ஆடியவர் உன் தாத்தா. மதன் எரிகிற அந்த இடம், தீயின் சிவப்பும் அதன் மேல் எழும் புகையும், மலிவான திரையில் சரியாக வராதவை இந்த இரண்டும்தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஸ்டூடியோவில் கல்யாண அல்பம் செய்யும்போது இதை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டிலேயே எடிட் பண்ணி எடுத்துவருகிற பையன்களின் படங்களில் மணப்பெண்ணின் கூரைச்சேலை பிரிண்டில் தீப்பிடித்த மாதிரி இருக்கும். மடிப்பும் தெரியாது, சரிகையும் தெரியாது. முகம்கூடச் சிவந்துபோயிருக்கும். பையன்கள் மேல் குற்றமில்லை. அவர்களுடைய திரை சிவப்பைச் செங்கல் நிறத்தில், வெளிறலாகக் காட்டுகிறது. போதவில்லையே என்று நிறத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். மலிவு லெப்டொப்களின் விவரத் தாளில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று ஒரு வரி இருக்கும். என்டிஎஸ்சி என்பது பழைய டிவி காலத்து நிற அளவு. இணையத்துக்கும் சாதாரணப் படங்களுக்கும் பொதுவான நிற அளவு எஸ்ஆர்ஜிபி. அந்தத் திரை எஸ்ஆர்ஜிபியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். "72 சதவீதம் என்டிஎஸ்சி" அல்லது "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று போட்டிருந்தால் உன் வேலைக்கு ஆகும். நிறத்தைச் சரிப்படுத்தும் கருவியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதே. திரையில் இல்லாத நிறத்தை எந்தக் கருவியும் கொண்டுவராது.

அடுத்தது திரையின் வகை. டிஎன், ஐபிஎஸ் என்று இரண்டு சொல் காதில் விழும். பெயரைக் கேட்க வேண்டியதே இல்லை, மூடியைப் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பார். கறுப்பு சாம்பலாக வெளுத்தாலோ, ஒரு கோணத்தில் முகம் நெகட்டிவ் மாதிரித் தலைகீழாகத் தெரிந்தாலோ அது டிஎன். ஐபிஎஸ் திரையில் எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. டிஎன் திரையில் நீ கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாலே நிழலின் ஆழம் மாறிவிடும். அப்படியொரு திரையை நம்பி எப்படி ஒரு முகத்துக்கு நிறம் பூசுவாய்?

புகையைப் பற்றிச் சொன்னேனே. மலிவான திரைகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 6 பிட்தான் வைத்திருக்கும். அதாவது 64 படி. மூன்று நிறமும் சேர்ந்தால் 2,62,144 நிறம். 8 பிட் திரை என்றால் ஒரு நிறத்துக்கு 256 படி, மொத்தம் 1 கோடி 67 லட்சத்துக்கும் மேல். 6 பிட் திரையில் குறைகிற நிறங்களைப் புள்ளிகளை மாற்றி மாற்றி மினுக்கி ஒப்பேற்றுவார்கள். சாதாரணப் படத்தில் வித்தியாசம் தெரியாது. மூட்டத்தில் தெரியும். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல மெல்லப் போக வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதனால் மவுஸ்ஸாக்கலைக் குளத்துப் பக்கமிருந்து விடியற்காலையில் எடுத்த சிவனொளிபாதமலைப் படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப்போ. அக்காவின் கூரைச்சேலைப் படமும், முழுக் கறுப்பாக ஒரு படமும் சேர்த்துக்கொள். முதலாவதில் பட்டையைப் பார், இரண்டாவதில் சிவப்பைப் பார். மூன்றாவதைத் திறந்து வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினால் மூலைகளில் ஒளி கசிவதும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும் புள்ளிகளும் தெரிந்துவிடும். கடைக்காரர் போட்டுவைத்திருக்கும் கிளி வீடியோவை வைத்து முடிவெடுக்காதே. எந்தத் திரையும் அதில் அழகாகத்தான் இருக்கும்.

இங்கே ஹட்டனில் பின்னேரமே மூட்டம் இறங்கி லைட் போட வேண்டியிருக்கிறது. திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். இந்த வெளிச்சத்துக்கு 220 நிட்ஸ் திரையே பளிச்சென்று இருக்கும். மட்டக்களப்பு வெயிலில், உன் அறை ஜன்னலோரத்தில் அது காணாது. 300 நிட்ஸாவது பார். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் திரை வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்துப் பார். கறுப்புப் பட்டைகள் ஓடினால் திரை அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம். உனக்கு ஏற்கெனவே தலைவலி வருகிறது, அதனால்தான் சொல்கிறேன்.

விளம்பரத்தில் வெறும் எச்டி என்று போடுவது பெரும்பாலும் 1366க்கு 768 திரை. அதில் பத்தரை லட்சம் புள்ளிதான். 1920க்கு 1080 என்றால் அதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நீ அனிமேஷன் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் பட்டன்களே பாதித் திரையைப் பிடித்துக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும்.

இனி கிராபிக்ஸ். இந்த விலையில் தனி கிராபிக்ஸ் சிப் கிடைக்காது. புரோசஸருக்குள் இருக்கும் சிப்தான், அதற்கென்று தனி நினைவகமும் இல்லை, மெஷினின் பொது நினைவகமான ரேமில்தான் பங்கு கேட்கும். "2 ஜிபி கிராபிக்ஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அது உன் ரேமிலிருந்து போகிற 2 ஜிபிதான். 4 ஜிபி ரேம் மெஷினை விண்டோஸ் 11 ஓடும் என்று தருவார்கள். ஓடும், ஆனால் பிளெண்டரே குறைந்தது 8 ஜிபி கேட்கிறது. அளவைவிட முக்கியம் ரேம் எத்தனை வழியில் ஓடுகிறது என்பது. ஒரே பீலியில் இரண்டு வீட்டார் குடம் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி, புரோசஸரும் கிராபிக்ஸும் ஒரே வழியில் ரேமுக்குக் காத்து நிற்கும். ரேம் துண்டு இரண்டாக இருந்தால் வழியும் இரண்டாகும். டிடிஆர்4 3200 என்ற வகை ரேம் ஒரு வழியில் விநாடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும், இரண்டு வழியில் 51.2. இன்டெலின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் ஒற்றை ரேமில் அந்தப் பெயரைக்கூடக் காட்டாது, வெறும் யுஎச்டி என்றுதான் காட்டும். நீ அனுப்பியதில் இருந்த என்100 சிப்புக்கு ஒரு வழிக்கு மேல் கிடையவே கிடையாது. பாடம் படிக்க, படம் பார்க்க நல்ல சிப். காமன் கூத்துக்கு அல்ல.

கடையில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்போமன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லொட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று என்றிருந்தால் பயமில்லை, அப்புறம் ஒரு துண்டு போட்டுக்கொள்ளலாம். ரேம் போர்டோடு ஒட்டியதா என்று மட்டும் கேட்டுக்கொள். ஒட்டியதில் வாங்கியதுதான் கடைசிவரை.

மின்விசிறி இல்லாத மெல்லிய மெஷின்களையும் தள்ளிவை. ஹட்டன் குளிரில் தாக்குப்பிடிப்பது மட்டக்களப்புச் சூட்டில் கொஞ்ச நேரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

என் மனதில் இருப்பது இதுதான் மகள்: புதுசு வேண்டாம், கம்பெனிகளில் பாவித்து வந்த நல்ல மெஷின் ஒன்றைப் பார்ப்போம். லெனோவோவின் திங்க்பேட் டி480 போன்றது. 14 அங்குலம், நீ நினைத்ததைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆனால் ரேமுக்கு இரண்டு ஸ்லொட். சின்னதுதான் வேண்டுமென்று அதே திங்க்பேட்டில் எக்ஸ்270ஐப் பார்த்தால் அதில் ஒரே ஸ்லொட். அதோடு அதன் புரோசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. டி480இலும் ஒரு விஷயம் கவனி. ஒரே பெயரில் டிஎன் திரையோடும் வந்திருக்கிறது, ஐபிஎஸ் திரையோடும் வந்திருக்கிறது. பெயரைப் பார்த்துக் காசு கொடுக்காதே, மூடியைச் சாய்த்துப் பார்த்துக் கொடு. ஐபிஎஸ் என்றாலும் சில திரைகளில் நிறம் குறைவு, பென் டிரைவ் படம் அதைச் சொல்லிவிடும். காட்சிகளை முழுப் படமாகக் கணித்தெடுக்கும் கடைசி ரெண்டரைக் கெம்பஸ் லேபில் பார்த்துக்கொள். உருவம் செய்வதும் நிறம் பூசுவதும் உன் மெஷினில் ஓடினால் போதும். லீவுக்கு வரும்போது எச்டிஎம்ஐ வயரையும் எடுத்து வா, ஸ்டூடியோ மொனிட்டரில் போட்டு நிறத்தைச் சேர்ந்து பார்ப்போம்.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் சுற்றிப் பார்த்தால் இப்படிப்பட்டவை கிடைக்கும். அக்கா லீவு போட்டு உன்னோடு வருகிறாளாம். முதல் கடையிலேயே வாங்காதீர்கள். ரசீதில் திரையின் வகையையும், ரேம் அளவையும், எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை. சீட்டுக் காசு அடுத்த மாதம் என் முறைக்கு விழுகிறது, அதுவரை பொறு. அதற்குள் பார்த்து வைக்கிற மெஷினின் படத்தை எனக்கு அனுப்பு, டாஸ்க் மேனேஜர் பக்கத்தையும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா