நாயகிக்கு வேறு மூக்கு கொடுங்கள்

சென்னையிலிருந்து சிறுகதையும் தொடர்கதையும் எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். ராயப்பேட்டையில் மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவன் நான். ஒற்றுப்பிழை பார்க்கத்தான் கூலி. ஆனாலும் உங்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன்.

உங்கள் கதைகளில் மொத்தமே இரண்டு மூக்குதான். நாயகிக்குக் கூர்நாசி, வீட்டுவேலைக்கு வரும் அம்மாவுக்குச் சப்பை மூக்கு. போன வாரம் ஒரு கைப்பிரதியில் ‘எள்ளுப்பூ போன்ற கூரிய நாசி’ என்று இருந்தது. எழுதியவர் எள்ளுக்கொல்லைப் பக்கமே போனதில்லை போலிருக்கிறது. எள்ளுப்பூ குழல் மாதிரி இறங்கி, வாயருகே விரிந்து, கீழிதழ் சற்று நீண்டு, தலைகவிழ்ந்து தொங்கும். அதில் கூர்மை எங்கே? பழம்புலவர்கள் மூக்குக்குச் சொன்ன குமிழம்பூவும் ஏறக்குறைய இதே வாகுதான்.

பாட்டிமார் பேச்சைக் கேளுங்கள். ‘தண்டு எடுப்பா இருக்கு, நுனிதான் உருண்டை.’ ‘நடுவுல கொஞ்சம் உட்கார்ந்த மூக்கு.’ ‘அப்பா மாதிரியே கிளிமூக்கு.’ ‘கோவம் வந்தா மூக்கு விடைச்சுக்கும்.’ எட்டுக்கல் பேசரி போட அகன்ற மடல்தான் வாகு என்று எங்கள் அத்தை பெருமையாகவே சொல்வாள், அவளுக்கு அகன்ற மடல். மற்ற இடங்களுக்கும் சொல் குறைவில்லை: ஏறுநெற்றி, கூட்டுப்புருவம், ஒட்டிய கன்னம், தெத்துப்பல். ‘மூக்கும் முழியுமா இருக்கா’ என்பதில்கூட மூக்கு கூராக இருக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சப்பை மூக்கின் மேல் உள்ள இளக்காரத்துக்கு எண் போட்டுக் கொடுத்ததில் நம் எழும்பூருக்கும் பங்குண்டு. 1885 முதல் 1908 வரை அங்கே அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், காலிப்பர் என்ற அளவுகருவியும் கையுமாக ஆட்களின் மூக்கை அளந்தார். அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். 70க்குக் கீழே வந்தால் குறுகிய மூக்கு, 85க்கு மேலே போனால் அகன்ற மூக்கு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லியோ, மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்றே எழுதிவைத்தார். பிற்கால ஆய்வுகள் நாசித்துளையின் அகலத்தை வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் சேர்த்துப் பார்க்கின்றன. மே மாதச் சென்னையில் மூச்சிழுத்தவருக்கு இது புரியும்.

வெள்ளிக்கிழமை அடுத்த அத்தியாயம் என் மேசைக்கு வருகிறது. நாயகியை எழுதுமுன் ஒருமுறை பறக்கும் ரயிலில் வேளச்சேரி வரை போய், எதிர் இருக்கையில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். மறுபடி ‘கூர்நாசி’ வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் மெய்ப்புத் திருத்துநர்